கைப்பேசிக்குள் ஒரு மருத்துவமனை

மருத்துவமனைச் செயலிகள் நற்பெயரையும் நோயாளியின் உறவையும் வளர்ப்பது எவ்வாறு? குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை எவை?

ஐதராபாத்தின் மேற்கு ஓரத்தில், மும்பைக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருக்கிறது ராமச்சந்திராபுரம். 1960-களில் செக்கோஸ்லோவாகிய நாட்டின் ஒத்துழைப்புடன் உருவான பெல் தொழிற்சாலை அந்த ஊருக்கு அடையாளம். திருச்சிராப்பள்ளியில் நிற்கும் பெல் கொதிகலன் ஆலையும் அதே காலத்தில், அதே நாட்டின் துணையோடு எழுந்ததுதான். இரண்டு ஊர்களுக்கும் இடையே பணிமாற்றம் பெற்று வந்தவர்களும், பின்னர்த் தகவல் தொழில்நுட்ப வேலைக்காக வந்தவர்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் பல இப்பகுதியில் வாழ்கின்றன.

அத்தகைய குடும்பம் ஒன்றை மனத்தில் கொள்வோம். மகனும் மருமகளும் வேலைக்குச் செல்பவர்கள். ஆண்டில் ஆறு மாதம் திருச்சியிலும் ஆறு மாதம் இங்கும் தங்கும் தாயாருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. ஒவ்வொரு முறை வரும்போதும் அவர் மறவாமல் கொண்டுவருவது ஒரு மஞ்சள் பை. அதற்குள் பத்தாண்டுக் கால மருந்துச் சீட்டுகள், மங்கிப்போன இ.சி.ஜி. தாள்கள், ஆய்வக அறிக்கைகள், மருத்துவமனை ரசீதுகள். அந்தப் பை தொலைந்தால் அவருடைய உடல்நல வரலாறே தொலைந்துவிடும்.

இன்று அந்தப் பையின் இடத்தைக் கைப்பேசிச் செயலி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. பெரிய மருத்துவமனைகள் தமக்கெனச் செயலிகளை வைத்திருக்கின்றன. முன்பதிவு, அறிக்கை, கட்டணம், காணொலி ஆலோசனை யாவும் அதன் வழியே நடைபெறுகின்றன. மருத்துவமனைகள் இதற்கு ஏன் இவ்வளவு செலவிடுகின்றன? அதனால் நோயாளிக்குக் கிடைப்பது என்ன? பணமும் உடல்நலமும் ஒருங்கே சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால், வங்கி வாடிக்கையாளர்கள் இவற்றைத் தெளிவாக அறிந்திருப்பது நல்லது.

நற்பெயர் எவ்வாறு உருவாகிறது?

சோப்புக்கும் சேலைக்கும் விளம்பரம் செய்வது போல ஒரு மருத்துவர் தம்மை விளம்பரப்படுத்திக்கொள்ள இயலாது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட தொழில் ஒழுக்க விதிமுறைகள், நேரடியாகவோ மறைமுகமாகவோ நோயாளிகளைத் தம்பால் இழுக்க விளம்பரம் செய்வதை ஒழுக்கக்கேடாக வரையறுத்தன. ஆகவே நம் நாட்டில் மருத்துவத்தின் நற்பெயர் நெடுங்காலமாக வாய்மொழியாகவே பரவி வந்திருக்கிறது. ‘அந்த ஆஸ்பத்திரியில் நன்றாகக் கவனித்தார்கள்’ என்று பக்கத்து வீட்டார் சொல்லும் ஒரு சொல்லுக்கு, சாலையோரத்தில் நிற்கும் பெரிய பலகையைக் காட்டிலும் மதிப்பு மிகுதி.

அந்த ஒரு சொல் எதைப் பொறுத்து அமைகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அறுவைச் சிகிச்சையின் நுட்பத்தை எடைபோடும் அறிவு நோயாளிக்கோ உறவினருக்கோ பெரும்பாலும் இருப்பதில்லை. அவர்கள் நினைவில் நிற்பவை வேறு. எவ்வளவு நேரம் காத்திருந்தோம்? கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்களா? கட்டண விவரம் விளங்கியதா? வீடு திரும்பிய பின் யாரேனும் நலம் விசாரித்தார்களா? மருத்துவமனையின் பெயர் வளர்வதும் தேய்வதும் இந்த நான்கு கேள்விகளைச் சுற்றித்தான். செயலி நேரடியாகத் தொடுவதும் இந்த நான்கு இடங்களையே. இதனால்தான் மருத்துவமனைகள் இதனை ஒரு துணைக்கருவியாகக் கொள்ளாமல், தம் வாசலாகவே கருதத் தொடங்கியுள்ளன.

அரகொண்டாவில் தொடங்கிய பாதை

தொலைவிலிருந்தே மருத்துவம் பார்ப்பது இந்தியாவுக்குப் புதியதன்று. 1983-இல் சென்னையில் அப்பல்லோ மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் பிரதாப் சி. ரெட்டியின் சொந்த ஊர், ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள அரகொண்டா. அச்சிற்றூரில் நிறுவப்பட்ட தொலைமருத்துவ மையத்தை, 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இந்தியாவுக்கு வருகை தந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கி வைத்தார். கிராமத்து நோயாளியின் பரிசோதனை விவரங்களை நகரத்து வல்லுநர் பார்த்துக் கருத்துச் சொல்லும் முறை அன்று ஒரு வியப்பாகப் பேசப்பட்டது.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற பணியாளர் அங்கு கண்ணைப் பரிசோதிப்பார்; தொலைவிலுள்ள மருத்துவர் இணைய வழியே நோயாளியுடன் பேசி முடிவு சொல்வார். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமான ஏழைக் குடும்பத்திற்கு அம்மருத்துவமனையின் பெயர் மறக்குமா?

அரசும் பின்தங்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் இணைய வழியே முன்பதிவு செய்யும் வசதி, 2015 ஜூலை 1 அன்று ‘டிஜிட்டல் இந்தியா’ திட்டத்தோடு தொடங்கியது. ஆயினும் பெரும் திருப்பம் நேர்ந்தது 2020-இல். கொரோனா ஊரடங்கு தொடங்கிய மார்ச் 25 அன்றே தொலைமருத்துவத்திற்கான நெறிமுறைகள் வெளியாயின. ஏப்ரல் 13 அன்று, வீட்டிலிருந்தபடியே இலவசமாக மருத்துவரைக் காணும் ‘இ-சஞ்சீவனி’ வெளிநோயாளர் சேவை தொடங்கியது. அப்பல்லோ குழுமம் ‘அப்பல்லோ 24/7’ என்னும் செயலியை அதே ஆண்டில் கொண்டுவந்து, மருத்துவ ஆலோசனை, மருந்து, ஆய்வகப் பரிசோதனை ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் இணைத்தது. ஐதராபாத்தில் டாக்டர் குல்லபள்ளி நாகேசுவர ராவ் நிறுவிய எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும் ‘கனெக்ட்கேர்’ என்னும் செயலியின் வழியே தன் நோயாளிகளோடு தொடர்பை விடாமல் காத்தது.

ஊரடங்கு முடிந்தது. ஆனால் மக்களுக்கு ஏற்பட்ட பழக்கம் முடியவில்லை. ஒருமுறை காணொலியில் மருத்துவரைக் கண்டவர், வெறும் அறிக்கையைக் காட்டுவதற்காக இரண்டு மணி நேரம் போக்குவரத்து நெரிசலில் தவிக்க விரும்புவாரா?

செயலி செய்யும் பணிகள்

முதலாவது, காத்திருப்பைக் குறைத்தல். மருத்துவரின் பெயர், தகுதி, அமரும் நேரம், கட்டணம் ஆகியவை முன்னரே தெரிகின்றன. நல்ல செயலிகளில் வரிசை எண்ணும் தெரியும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் கீழ், மருத்துவமனை வாசலில் ஒட்டப்பட்டிருக்கும் கியூ.ஆர். குறியீட்டை வருடிப் பெயர், வயது, முகவரி ஆகியவற்றைப் பகிர்ந்து, வெளிநோயாளர் சீட்டு எண்ணைக் கைப்பேசியிலேயே பெறும் முறை 2022 முதல் நடைமுறையில் உள்ளது. படிவம் நிரப்பும் வரிசை குறைவதால், நோயாளி மருத்துவமனையில் சந்திக்கும் முதல் எரிச்சல் நீங்குகிறது.

இரண்டாவது, ஆவணங்களைக் காத்தல். வங்கியின் கணக்குப் புத்தகத்தில் வரவும் செலவும் தேதி வாரியாகப் பதிவாவது போல, இரத்தச் சர்க்கரை அளவும் மருந்து மாற்றமும் செயலியில் வரிசையாக நிற்கின்றன. ஒரே ஒரு நாளின் அளவைப் பார்ப்பதைவிட, மூன்று ஆண்டுப் போக்கைப் பார்ப்பது மருத்துவருக்குப் பேருதவி. ‘போன முறை எவ்வளவு இருந்தது?’ என்ற கேள்விக்குத் தாயார் பையைத் துழாவ வேண்டியதில்லை.

மூன்றாவது, வீடு திரும்பிய பின் தொடரும் கவனிப்பு. மருத்துவமனையை விட்டு வந்த முதல் சில வாரங்களே நோயாளிக்குக் குழப்பம் மிகுந்த காலம். எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும்? கட்டை எப்போது பிரிக்க வேண்டும்? எந்த அறிகுறி தென்பட்டால் உடனே வர வேண்டும்? இவற்றை நினைவூட்டும் செய்தியும், ஐயம் கேட்க ஒரு வழியும் இருந்தால், தாம் கைவிடப்படவில்லை என்னும் எண்ணம் குடும்பத்தாருக்கு ஏற்படும். உறவு என்று மருத்துவமனைகள் குறிப்பிடுவதில் மிகவும் பொருளுள்ள பகுதி இதுவே.

நான்காவது, கட்டணத்தில் தெளிவு. செலுத்திய முன்பணம், அன்றாடச் செலவு, காப்பீட்டு ஒப்புதலின் நிலை ஆகியவற்றைக் கைப்பேசியிலேயே காட்டும் மருத்துவமனையில், கடைசி நாள் அதிர்ச்சி குறைகிறது. கட்டணம் கூடுதலாக இருந்தாலும், அது எதனால் கூடியது என்பது முன்னரே தெரிந்தால் மனக்கசப்பு பெரிதாவதில்லை. எங்கள் வங்கித் தொழிலிலும் நாங்கள் கண்ட அனுபவம் இது: பிடித்தம் செய்யப்பட்ட தொகையைக் காட்டிலும், சொல்லாமல் பிடித்தம் செய்யப்பட்டது என்ற எண்ணமே வாடிக்கையாளரை வருத்துகிறது.

செயலியால் இயலாதவை

அவசர நிலையில் செயலியைத் திறந்து முன்பதிவு தேடிக்கொண்டிருப்பது ஆபத்து. நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் போன்றவை தோன்றினால் 108-ஐ அழைப்பதே முறை. அந்த அவசர ஊர்தி சேவை 2005-இல் ஐதராபாத்தில் பிறந்து, பிறகு நாட்டின் பல மாநிலங்களுக்குப் பரவியது என்பது இந்நகரத்திற்குப் பெருமை. 2020-ஆம் ஆண்டின் நெறிமுறைகளும், அவசர நிலையில் தொலைமருத்துவம் முதலுதவிக்கும் வழிகாட்டலுக்கும் மட்டுமே உரியது என்று வரையறுத்துள்ளன.

அதே நெறிமுறைகளில் நாம் அறிய வேண்டிய வேறு சில விதிகளும் உண்டு. ஆலோசனை வழங்கும் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் நோயாளிக்குத் தெரிய வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைத் தொலைமருத்துவத்தில் எழுதித் தர முடியாது. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மருத்துவருக்குத் துணைபுரியலாம். அது தானே நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாது. ஆகவே செயலியில் உரையாடும்போது மறுமுனையில் இருப்பவர் பதிவு பெற்ற மருத்துவரா என்று கேட்பது நம் உரிமை. அவ்வாறு கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். மருந்தும் பரிசோதனையும் ஆலோசனையும் ஒரே செயலியில் இருக்கும்போது வசதி மிகுதி, வணிகமும் உண்டு. ‘முழு உடல் பரிசோதனை, இன்று மட்டும் பாதி விலை’ என்று வரும் அறிவிப்பு மருத்துவரின் பரிந்துரை ஆகாது. மருத்துவர் எழுதிய பரிசோதனை எது, செயலி விற்க முனையும் பரிசோதனை எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம், பணத்தையும் வீண் கவலையையும் மிச்சப்படுத்தும்.

நட்சத்திரங்களை நம்பலாமா?

நற்பெயரின் இன்றைய நாணயம் நட்சத்திரக் குறி. நோயாளி வீடு திரும்பும் நாளில் ‘எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?’ என்று செயலி கேட்கிறது. இதில் தவறில்லை. குறை சொன்னவரை அன்றே அழைத்துப் பேசிச் சரிசெய்யும் மருத்துவமனைக்கு, அந்தக் கேள்வி ஒரு நல்ல கருவி. ஆனால் நிறைவடைந்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்பதும், காசு கொடுத்துப் புகழுரை எழுதச் செய்வதும் இணைய உலகில் நடப்பவையே. இதைக் கட்டுப்படுத்தும் நோக்கில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ‘ஐ.எஸ். 19000’ என்னும் தரநிலையை வெளியிட்டது. இணையத்தில் வெளியாகும் நுகர்வோர் கருத்துகளைத் திரட்டுவது, சரிபார்ப்பது, வெளியிடுவது எவ்வாறு என்பதை அது வகுத்துரைக்கிறது. எனினும் அதனைப் பின்பற்றுவது தன்விருப்பமாகவே வைக்கப்பட்டது.

ஆகவே நட்சத்திரங்களின் எண்ணிக்கையைவிடக் குறைகளுக்கு மருத்துவமனை அளித்துள்ள பதில்களைப் படிப்பது பயனுள்ளது. ஒரே சாயலில் எழுதப்பட்ட புகழுரைகள் ஒரே வாரத்தில் குவிந்திருந்தால் ஐயம் கொள்ளலாம். மருத்துவமனைக்கு ‘என்.ஏ.பி.எச்.’ எனப்படும் தேசியத் தரச்சான்று உண்டா என்றும் பார்க்கலாம். இவற்றோடு பழைய வழியையும் விட்டுவிட வேண்டாம்: அதே நோய்க்கு அங்கே சிகிச்சை பெற்ற இருவரிடம் கேட்டறிவது இன்றும் சிறந்த வழிதான்.

ஆவணம் யாருக்குச் சொந்தம்?

செயலியின் வழியே வளரும் உறவில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. பத்தாண்டு அறிக்கைகள் ஒரே மருத்துவமனையின் செயலிக்குள் இருந்தால், வேறு மருத்துவமனைக்குச் செல்ல மனம் தயங்கும். விருப்பத்தால் நீடிக்கும் உறவு வேறு. வேறு வழியின்றி நீடிக்கும் கட்டு வேறு. ராமச்சந்திராபுரத்தில் எடுத்த அறிக்கை திருச்சியிலுள்ள மருத்துவருக்குக் கிடைக்காவிட்டால், நம் தாயார் மீண்டும் மஞ்சள் பையைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

இதற்குச் சட்டமும் தொழில்நுட்பமும் சில வழிகளைத் தந்துள்ளன. மேலே சொன்ன 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உள்நோயாளிகளின் மருத்துவ ஆவணங்களை 3 ஆண்டுகள் காத்து வைக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் அவற்றை வழங்க வேண்டும். செயலியில் இருக்கிறதே என்று இருந்துவிடாமல், முக்கியமான அறிக்கைகளைப் பதிவிறக்கித் தனியே வைத்துக்கொள்வது நல்லது.

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம், ‘ஆபா’ எனப்படும் 14 இலக்க எண்ணை வழங்குகிறது. வங்கிக் கணக்கு எந்த வங்கியில் இருந்தாலும் யு.பி.ஐ. வழியே பணம் நகர்வது போல, எந்த மருத்துவமனையில் உருவான ஆவணமும் நோயாளியின் இசைவின் பேரில் மற்றொரு மருத்துவருக்குச் செல்ல வேண்டும் என்பதே இதன் அடிப்படை எண்ணம். இரு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் இணைந்திருந்தால்தான் இது கைகூடும். ஆகவே ஒரு மருத்துவமனையின் செயலியைப் பயன்படுத்தத் தொடங்கும்போதே, ஆபா எண்ணோடு அதனை இணைக்க முடியுமா என்று கேளுங்கள். வெளியேறும் வாசலையும் திறந்து வைத்திருக்கும் மருத்துவமனை, நம் நம்பிக்கைக்குக் கூடுதல் தகுதி பெறுகிறது.

இரகசியம் காக்கப்படுகிறதா?

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாயின. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனையில் முன்பதிவு, ஆய்வக அறிக்கை, கட்டணம் ஆகிய பணிகள் பல நாட்கள் தாளும் பேனாவுமாக நடைபெற நேர்ந்தது. மருத்துவ ஆவணங்கள் எவ்வளவு மதிப்புடையவை, எவ்வளவு எளிதில் ஆபத்துக்குள்ளாகக் கூடியவை என்பதை அந்நிகழ்ச்சி அனைவருக்கும் உணர்த்தியது. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். ஒருவருடைய நோயின் விவரம் வெளியே போய்விட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது.

2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் விவரங்களை எதற்காகத் திரட்டுகிறார்கள் என்று அறியவும், தந்த இசைவைத் திரும்பப் பெறவும், பிழையைத் திருத்தக் கோரவும் உரிமை அளிக்கிறது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுக் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. நம் பங்குக்கு நாம் செய்யக் கூடியதும் உண்டு. முன்பதிவுக்கான செயலி, தொடர்புப் பட்டியலையும் குறுஞ்செய்திகளையும் படிக்க அனுமதி கேட்டால் காரணம் என்னவென்று எண்ணிப் பார்த்து, தேவையற்ற அனுமதியை மறுத்துவிடலாம்.

பணம் செலுத்தும்போது

மருத்துவமனைக் கட்டணத்தைச் செலுத்தும் முறையில் அண்மைக் காலத்தில் ஏற்பட்ட மூன்று மாற்றங்களை வாடிக்கையாளர்கள் அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் யு.பி.ஐ. வழியே ஒரே பரிவர்த்தனையில் செலுத்தக்கூடிய உச்ச வரம்பு, 1 லட்சம் ரூபாயிலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்படும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது. 2024 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. நள்ளிரவில் ரொக்கத்திற்காக ஏ.டி.எம். தேடி அலைந்த நிலையை இது பெரிதும் மாற்றியுள்ளது. ஆயினும் உங்கள் கணக்கிற்கும் நீங்கள் பயன்படுத்தும் செயலிக்கும் தனி வரம்பு இருக்கலாம். அதை அவசரம் நேரும் முன்பே சரிபார்த்து வையுங்கள்.

இரண்டாவது, காப்பீடு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான வேண்டுகோள் மீது ஒரு மணி நேரத்திற்குள்ளும், வீடு திரும்புவதற்கான இறுதி ஒப்புதல் மீது மூன்று மணி நேரத்திற்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் கடந்து தாமதமாகி, அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். வேண்டுகோள் எப்போது அனுப்பப்பட்டது என்பதைச் செயலி நேரத்தோடு காட்டுமானால், அது நோயாளிக்குக் கையில் கிடைத்த சான்று.

மூன்றாவது, ரசீது. செயலி வழியே செலுத்திய ஒவ்வொரு தொகைக்கும் மருத்துவமனையின் பெயரில் ரசீது பெறுங்கள். செலுத்திய முன்பணத்தில் மீதம் இருந்தால், அது எந்தக் கணக்கிற்கு, எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எழுத்தில் கேளுங்கள். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்போர், மருத்துவக் காப்பீட்டுத் தவணையை ரொக்கமாகச் செலுத்தினால் அதற்கான வரிக் கழிவு கிடைக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

போலிகளிடம் எச்சரிக்கை

மருத்துவமனையின் நற்பெயரைக் களவாடி வாழும் கூட்டமும் உண்டு. புகழ்பெற்ற மருத்துவமனையின் பெயரில் போலித் தொலைபேசி எண்ணை இணையத் தேடலில் பரப்புவது அவர்கள் வழக்கம். அழைப்பவரிடம், ‘முன்பதிவை உறுதிசெய்யப் பத்து ரூபாய் செலுத்துங்கள்’ என்று கனிவாகப் பேசி ஓர் இணைப்பை அனுப்புவார்கள். தொகை சிறியதாக இருப்பதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. அந்த இணைப்பைத் திறந்து, ‘ஏ.பி.கே.’ என்று முடியும் கோப்பைக் கைப்பேசியில் நிறுவியதும், ஓ.டி.பி. உள்ளிட்ட குறுஞ்செய்திகள் அவர்கள் கைக்குப் போய்விடுகின்றன. கவலையில் இருப்பவர் கூர்ந்து பார்க்க மாட்டார் என்பதே அவர்களுடைய முதலீடு.

செயலிகளைக் கைப்பேசியின் அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டுமே பெறுங்கள். வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைச் சரிபாருங்கள். மருத்துவமனையின் எண்ணைப் பழைய ரசீதிலிருந்தோ அதன் சொந்த இணையதளத்திலிருந்தோ எடுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் வெட்கப்பட்டுக் காலம் தாழ்த்தாமல் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவில் தெரிவிக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு மிகுதி.

கைப்பேசி இல்லாதவர் நிலை

ராமச்சந்திராபுரத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. சுற்றுவட்டாரத் தொழிற்கூடங்களில் பணிபுரிவோர் அதனை நாடி வருகின்றனர். தெலுங்கு, தமிழ், இந்தி, ஒடியா, வங்காளம் எனப் பல மொழி பேசுவோர் வாழும் பகுதி இது. ஆங்கிலத்தில் மட்டுமே பேசும் செயலி அவர்களில் எத்தனை பேருக்குப் பயன்படும்? வயது முதிர்ந்தோரின் நிலையும் இதுவே. எழுத்து சிறிது, பொத்தான்கள் பல, ஓ.டி.பி. வந்து மறைவதற்குள் கண்ணாடி தேட வேண்டும்.

செயலி வைத்திருப்பவருக்கு முதலிடம், வரிசையில் நிற்பவருக்கு இரண்டாமிடம் என்னும் நிலை ஏற்பட்டால், ஒருவரிடம் பெற்ற நற்பெயரை மருத்துவமனை மற்றவரிடம் இழந்துவிடும். இ-சஞ்சீவனித் திட்டத்தில் சுகாதார மையப் பணியாளரே நோயாளியோடு அமர்ந்து மருத்துவரை இணைக்கும் முறை இருப்பது, இதற்கு ஒரு நல்ல விடை. கருவியை இயக்கத் தெரியாதவருக்கு ஒரு மனிதர் துணை நிற்கிறார்.

குடும்பத்திலும் இத்துணை தேவை. பெரும்பாலும் மகனோ மகளோ தம் எண்ணைக் கொடுத்துப் பெற்றோரின் பெயரில் பதிவு செய்கிறார்கள். அவர் வெளிநாடு சென்றுவிட்டால், அல்லது எண்ணை மாற்றிவிட்டால், தாயாரின் அறிக்கைகளைத் திறக்கும் ஓ.டி.பி. யாருக்கோ செல்லும். வங்கியில் எண்ணை மாற்றும் அன்றே மருத்துவமனையிலும் மாற்றிவிடுங்கள். வீட்டில் இருவருக்காவது அந்தச் செயலியைத் திறக்கத் தெரிந்திருக்கட்டும். பெற்றோரின் அறிக்கையை நாம் பார்க்கும் முன், அவர்களிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வதும் மரியாதை. நோய் அவர்களுடையது, அதன் விவரமும் அவர்களுடையதே.

நிறைவாக

மீண்டும் அந்தத் தாயாரிடம் வருவோம். திருச்சிக்குத் திரும்பும் முன் மகன் அவருடைய கைப்பேசியில் அறிக்கைகளைச் சேமித்துத் தருகிறார். ஆபா எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறார். மருத்துவமனையிலிருந்து, மருந்து மாற்றிய பின் இரத்த அழுத்தம் எவ்வாறு உள்ளது என்று கேட்டு ஒரு செய்தி வருகிறது. தாயார் அளவைச் சொல்ல, மருமகள் தட்டச்சு செய்கிறார். மறுநாள் செவிலியர் ஒருவர் அழைத்து, ஒரு மாத்திரையைக் காலைக்குப் பதில் இரவில் உட்கொள்ளுமாறு மருத்துவர் சொன்னதாகத் தெரிவிக்கிறார். ஊருக்குப் போனதும் பக்கத்து வீட்டாரிடம் தாயார் சொல்லப்போவது அந்த அழைப்பைப் பற்றித்தான். செயலியின் பெயர்கூட அவருக்கு நினைவில் இருக்காது.

மஞ்சள் பையை அவர் இன்னும் விட்டுவிடவில்லை. அதில் இப்போது முக்கியமான அறிக்கைகளின் நகலும், ஆபா எண் எழுதிய தாளும், மருத்துவமனையின் சரியான தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பையை இந்த வாரமே ஆயத்தம் செய்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.